அச்சக்கோளாறும் திகில் படங்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நண்பர்கள் சிலர் சேர்ந்து மாதம் ஒருமுறை படம் திரையிட்டுப் பேசும் சிறிய வட்டம் ஒன்றை நடத்திவருகிறோம். திகில் படமோ திரில்லரோ திரையிட்ட நாளில், விளக்கைப் போட்டதும் எழும் கேள்விகள் ஆண்டுக்கணக்கில் மாறவேயில்லை. அவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். நான் மருத்துவன் அல்லன். மனநலம் பற்றி இங்கே வருபவை உளவியல் பாடநூல்களில் நிலைபெற்ற செய்திகள், படங்களைப் பற்றிய தீர்ப்புகள் மட்டும் என்னுடையவை. சில படங்களின் முடிவைச் சொல்லாமல் பேச இயலவில்லை என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

1. பயமும் ஃபோபியாவும் ஒன்றுதானே? எதற்கு இரண்டு பெயர்?

ஒன்றல்ல. வரப்பில் நடக்கும்போது காலடியில் பாம்பைக் கண்டு துள்ளி விலகுவது பயம். அந்தப் பயம் இல்லாதவருக்குத்தான் ஆபத்து. பாடப்புத்தகத்தில் பாம்புப் படம் அச்சிட்ட பக்கத்தைத் தொடக்கூட முடியாமல், அந்தப் பாடத்தையே படிக்காமல் விட்டுவிடுவது ஃபோபியாவின் பக்கம் சேரும். தமிழில் இதை அச்சக்கோளாறு என்கிறோம்.

அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் கையேடான டிஎஸ்எம்-5 இதற்குச் சொல்லும் அடையாளங்களில் மூன்றை நினைவில் வைத்துக்கொண்டால் போதும். அச்சம் உண்மையான ஆபத்தின் அளவை மீறியதாக இருக்க வேண்டும். பொதுவாக ஆறு மாதமோ அதற்கு மேலோ நீடிக்க வேண்டும். அன்றாட வாழ்வைக் குலைக்க வேண்டும். இவற்றுள் முதலாவதான 'அளவை மீறியது' என்ற நிபந்தனையைத்தான் திகில் படங்கள் ஓசையில்லாமல் மாற்றிவிடுகின்றன. அதைப் பற்றிப் பின்னால், 12ஆம் கேள்வியில் பேசுவோம்.

2. அப்படியென்றால் பேய்ப் படம் எல்லாமே ஃபோபியா படம்தானா?

இல்லை. நாம் பேசும் படங்கள் இரண்டு வகை. கதாபாத்திரத்துக்கு ஒரு குறிப்பிட்ட அச்சம் இருப்பதைக் கதையின் அச்சாக வைத்துக்கொள்பவை ஒரு வகை. கதாபாத்திரத்துக்கு அப்படி எதுவும் இல்லாவிட்டாலும் பார்வையாளர்களுக்குள் பரவலாக இருக்கும் ஓர் அச்சத்தைக் குறிவைத்துத் தாக்குபவை மற்றொரு வகை. பழிவாங்க வரும் ஆவியின் கதை பெரும்பாலும் இந்த இரண்டிலும் சேராது. அங்கே பயமுறுத்துவது பொதுவான அமானுஷ்யம்.

இரண்டும் ஒன்றாக வருவதும் உண்டு. 1975இல் ஸ்டீவன் ஸ்பீல்பெர்க் இயக்கிய 'ஜாஸ்' படத்தைச் சுறா படம் என்று மட்டும் நினைவில் வைத்திருக்கிறோம். அதில் தீவின் காவல்துறைத் தலைவராக வரும் பிராடிக்குத் தண்ணீரென்றாலே பயம். கடலால் சூழப்பட்ட ஊருக்குக் காவலாகக் கடலுக்குள் இறங்க அஞ்சும் ஒருவரை நிறுத்தியதில்தான் அந்தத் திரைக்கதையின் சாமர்த்தியம் இருக்கிறது.

3. எனக்கு உயரம் என்றால் பயமே கிடையாது. ஆனாலும் திரையில் மாடி விளிம்பைக் காட்டினால் உள்ளங்கால் கூசுகிறதே, ஏன்?

உயரத்தில் நிற்கும்போது நம்மை நிமிர்த்தி வைப்பவை கண்ணும், உள்காதும், தசைகள் அனுப்பும் தகவலும். இவை மூன்றும் ஒத்துப்போகாதபோது உடல் தடுமாறுகிறது. திரையரங்கில் நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்திருப்பதாக உள்காது சொல்கிறது. பள்ளத்தை நோக்கிச் சாய்வதாகக் கண் சொல்கிறது. உயரப் பயம் உள்ளவரிடம் இந்த முரண்பாடு பீதியாக வெடிக்கிறது என்றால், இல்லாதவரிடம் உள்ளங்கால் கூச்சமாக எட்டிப்பார்க்கிறது.

இதைத் திட்டமிட்டு உண்டாக்கிய புகழ்பெற்ற உதாரணம் ஆல்ஃபிரட் ஹிட்ச்காக்கின் 'வெர்டிகோ' (1958). கதாநாயகன் மணிக்கூண்டின் படிக்கட்டில் நின்று கீழே பார்க்கும்போது, பக்கச் சுவர்கள் இருந்த இடத்திலேயே இருக்க, அடித்தளம் மட்டும் விலகி ஓடுவதைப்போல் தோன்றும். கேமரா ஒரு திசையில் நகரும்போதே ஜூம் லென்ஸை எதிர்த்திசையில் இயக்கிப் பெற்ற விளைவு அது. அதை வகுத்துக் கொடுத்தவர் இர்மின் ராபர்ட்ஸ் என்ற ஒளிப்பதிவாளர். அவ்வளவு பெரிய கேமராவை உண்மையான படிக்கட்டுக்கு மேலே தூக்கி நிறுத்துவது பெருஞ்செலவு என்பதால், படிக்கட்டின் சிறு மாதிரி ஒன்றைச் செய்து, அதைப் படுக்கவைத்துத் தரைமட்டத்திலேயே எடுத்தார்கள். உலகெங்கும் தலைசுற்ற வைத்த அந்த உயரம், தரையில் கிடந்த ஒரு பொம்மை என்பதை நினைத்து நான் இன்றும் சிரித்துக்கொள்வதுண்டு.

2022இல் வந்த 'ஃபால்' படத்தில் ஏறத்தாழ 2,000 அடி உயரமுள்ள ஒரு கைவிடப்பட்ட கோபுரத்தின் உச்சியில் இரண்டு பெண்கள் சிக்கிக்கொள்கிறார்கள். கோபுரத்தின் மேற்பகுதியை மட்டும் கட்டி, அதை ஒரு மலை முகட்டில் நிறுத்திப் படம்பிடித்தார்கள். பின்னணியில் தெரியும் வெளியும் வெளிச்சமும் காற்றும் உண்மையானவை என்பதால் கண் எளிதில் ஏமாறுகிறது.

4. 'வெர்டிகோ' என்றால் உயரப் பயம் என்றுதானே அர்த்தம்?

அல்ல. வெர்டிகோ என்பது தலைச்சுற்றல். உள்காதில் கோளாறு ஏற்பட்டால் கட்டிலில் படுத்திருப்பவருக்கும் வரும். உயரப் பயத்துக்கு அக்ரோஃபோபியா என்று பெயர். படத்தின் நாயகனுக்கு இருப்பது அக்ரோஃபோபியா. அதன் விளைவாக அவருக்கு ஏற்படுவது வெர்டிகோ. படத்தின் தலைப்பு பிரபலமானதால் சொல் இடம்மாறிவிட்டது.

5. ஒரே பெட்டி, ஒரே ஆள், ஒன்றரை மணி நேரம். இதில் என்ன படம் எடுக்க முடியும்?

ரோட்ரிகோ கோர்டெஸ் இயக்கிய 'பரீட்' (2010) படத்தைப் பார்த்த பிறகு இதைக் கேட்டார் ஒருவர். ஈராக்கில் பணிபுரியும் லாரி ஓட்டுநர் ஒருவர் மண்ணுக்கடியில் ஒரு சவப்பெட்டிக்குள் கண்விழிக்கிறார். கேமரா கடைசிவரை அந்தப் பெட்டியை விட்டு வெளியே வருவதில்லை. மீட்புப் படையைக் காட்டலாம், வீட்டில் அழும் மனைவியைக் காட்டலாம், ஓர் ஆகாயத்தையாவது காட்டலாம். அவற்றில் ஒன்றையும் காட்டாமல் விட்டதுதான் அந்தப் படம்.

அடைபட்ட இடத்தைக் கண்டு அஞ்சுவதை ஆராய்ந்த உளவியலாளர்கள், அதற்குள் இரண்டு தனித்தனி அச்சங்கள் இருப்பதாகச் சொல்கிறார்கள்: மூச்சு முட்டிவிடும் என்ற அச்சம் ஒன்று, கைகாலை அசைக்க முடியாது, வெளியேற முடியாது என்ற அச்சம் மற்றொன்று. நல்ல இயக்குநர்களுக்குப் புத்தகம் படிக்காமலே இது தெரிந்திருக்கிறது. 'பரீட்' படத்தில் சிகரெட் லைட்டரைக் கொளுத்தினால் வெளிச்சம். கொளுத்தினால் இருக்கும் காற்றும் குறையும். பார்ப்பது வேண்டுமா, மூச்சு வேண்டுமா என்ற அந்தப் பேரம் முதல் அச்சத்தைத் தொடுகிறது. நீல் மார்ஷலின் 'தி டிசென்ட்' (2005) படத்தில், குகைக்குள் தவழும் ஒரு பெண் இடுக்கில் சிக்கிக்கொண்டு முன்னும் போக முடியாமல் பின்னும் வர முடியாமல் தவிக்கும் காட்சி இரண்டாவதைத் தொடுகிறது. அந்தப் படத்தில் விகாரமான உயிரினங்கள் வருவது அதற்குப் பிறகுதான். என் கணக்கில் அவை வராவிட்டாலும் படத்துக்கு நட்டமில்லை.

நமக்குப் பக்கத்தில் நடந்த கதை 2024இல் மலையாளத்தில் வந்த 'மஞ்ஞும்மல் பாய்ஸ்'. 2006இல் கொடைக்கானல் குணா குகையின் ஆழத்தில் விழுந்த ஓர் இளைஞரை அவருடைய நண்பர்களே மீட்ட உண்மை நிகழ்வு அது. அங்கே அச்சம் குழிக்குள் இருப்பவருடையது மட்டுமல்ல. மேலே நின்று பெயர் சொல்லிக் கூப்பிட்டும் பதில் வராத நேரத்தில், அந்த வாயின் விளிம்பை எட்டிப்பார்ப்பவர்களுடையதும்தான்.

6. சுறாவே சரியாகத் தெரியாத படம் எப்படிக் கடலைக் கண்டே பயப்பட வைத்தது?

தெரியாததால்தான். 'ஜாஸ்' படத்துக்காகச் செய்த இயந்திரச் சுறா உப்புத் தண்ணீரில் அடிக்கடி பழுதானது. வேறு வழியின்றி, சுறாவுக்குப் பதிலாக அதன் பார்வைக் கோணத்தையும், தண்ணீரில் இழுபடும் மிதவைகளையும், ஜான் வில்லியம்ஸ் அமைத்த இரண்டே சுர இசையையும் ஸ்பீல்பெர்க் பயன்படுத்தினார். சுறாவைப் பார்த்துப் பயப்பட்டிருந்தால் பயம் சுறாவோடு நின்றிருக்கும். வெறும் நீர்ப்பரப்பைப் பார்த்துப் பயப்படப் பழகியதால் நீர்ப்பரப்பே அச்சத்தின் அடையாளமாகிவிட்டது.

ஓர் ஒலியை அச்சத்தோடு இணைத்துவிட்டால் பிறகு ஒலி மட்டுமே அச்சத்தைக் கொண்டுவரும் என்பது உளவியலில் பழைய பாடம். 1920இல் ஜான் வாட்சனும் ரோசலி ரேனரும், 'ஆல்பர்ட்' என்று பெயரிட்ட ஒரு குழந்தையிடம் வெள்ளை எலியைக் காட்டும்போதெல்லாம் இரும்புத் தண்டைச் சுத்தியலால் அடித்துப் பேரொலி எழுப்பினார்கள். குழந்தை எலிக்கு அஞ்சத் தொடங்கியது. பிறகு முயலுக்கும் உரோமம் போன்ற பிற பொருள்களுக்கும் அஞ்சியது. இன்று எந்த ஆய்வுக்குழுவும் அனுமதிக்காத கொடுமை அது. ஆனால் திகில் படத்தின் இசையமைப்பாளர் நம் சம்மதத்தோடும் நுழைவுச்சீட்டோடும் ஒவ்வொரு வாரமும் செய்வது ஏறத்தாழ அதையேதான்.

7. படம் பார்த்தே ஒருவருக்கு ஃபோபியா வந்துவிடுமா?

அச்சம் மூன்று வழிகளில் வரும் என்று உளவியலாளர் ஸ்டான்லி ராக்மன் 1977இல் வகுத்தார்: நேரடியாக அனுபவித்தல், பிறர் அஞ்சுவதைப் பார்த்தல், சொல்லக் கேட்டல். திரைப்படம் இரண்டாவது வழியில் வருகிறது. ஆகவே வாய்ப்பே இல்லை என்று சொல்வதற்கில்லை. கிறிஸ்டன் ஹாரிசன், ஜோன் கேன்டர் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் கல்லூரி மாணவர்களிடம் நடத்தி 1999இல் வெளியிட்ட ஆய்வில், சிறுவயதில் பார்த்த ஏதோவொரு படமோ தொலைக்காட்சி நிகழ்ச்சியோ உண்டாக்கிய கலக்கம் இன்னும் மிச்சமிருப்பதாக ஏறத்தாழ நான்கில் ஒருவர் சொன்னார்கள். 'சைக்கோ' (1960) படத்தின் குளியலறைக் காட்சியில் நடித்த ஜேனட் லீ, திரையில் அதைப் பார்த்த பிறகு ஷவரில் குளிப்பதைத் தவிர்த்ததாகச் சொல்லியிருக்கிறார். எடுக்கும்போது வராத பயம், தொகுத்ததைப் பார்க்கும்போது வந்திருக்கிறது.

ஆனால் மிச்சமிருக்கும் கலக்கம் வேறு, ஃபோபியா வேறு. முதல் பதிலில் சொன்ன மூன்று அடையாளங்களையும் வைத்து அளந்து பார்த்தால், படத்தால் வந்த பயங்களில் பெரும்பாலானவை ஃபோபியா என்ற பெயருக்குத் தகுதி பெறா என்பதே என் எண்ணம். சிறு குழந்தைகள் விஷயத்தில் மட்டும் இந்தத் தைரியம் கூடாது. திரையில் நடப்பது பாவனை என்ற அறிவு அவர்களுக்கு இன்னும் உறைக்கவில்லை.

8. பாம்பு, சிலந்தி, எலி என்றே எடுக்கிறார்களே, மோட்டார் சைக்கிளை வைத்து ஏன் யாரும் பயமுறுத்துவதில்லை?

நியாயமான கேள்வி, சாலை விபத்தில் இறப்பவர்களோடு ஒப்பிட்டால் சிலந்தி ஒன்றுமேயில்லை. சில பொருள்களுக்கு அஞ்சக் கற்றுக்கொள்வதற்கு மனித மனம் பரிணாமத்தால் முன்கூட்டியே தயாராக இருக்கிறது என்று 1971இல் மார்ட்டின் செலிக்மன் முன்வைத்த கருத்து இதற்கு ஒரு விடை.

அதைச் சோதித்த ஒரு பரிசோதனையை எங்கள் வட்டத்தில் நான் சொல்லாத ஆண்டில்லை, ஏனெனில் அது படத்தொகுப்பைப் பற்றியது. மைக்கேல் குக், சூசன் மினேக்கா என்ற ஆய்வாளர்கள், ஆய்வகத்தில் வளர்ந்ததால் பாம்பையே பார்த்திராத ரீசஸ் குரங்குகளுக்கு ஒரு வீடியோவைக் காட்டினார்கள். அதில் வேறொரு குரங்கு பொம்மைப் பாம்பைக் கண்டு அலறியது. பார்த்த குரங்குகளும் பாம்புக்கு அஞ்சக் கற்றுக்கொண்டன. பிறகு அதே அலறலை, செயற்கைப் பூவைக் கண்டு அலறுவதைப்போல் வெட்டி ஒட்டிக் காட்டினார்கள். பூவுக்கு அஞ்ச எந்தக் குரங்கும் கற்றுக்கொள்ளவில்லை. நடிப்பு அதே நடிப்புதான், மாறியது எதிரே இருந்த பொருள் மட்டும்தான். எதை வைத்தும் பயமுறுத்திவிடலாம் என்று நம்பும் உதவி இயக்குநர்கள் ஒருமுறையாவது இந்தக் குரங்குகளை நினைத்துப் பார்க்கலாம்.

சிலந்தி, எலி போன்றவற்றில் அச்சத்தோடு அருவருப்பும் கலந்திருக்கிறது என்பது இன்னொரு காரணம். 'அரக்னோஃபோபியா' (1990) படத்தில் மனிதர்களுக்குத் தீங்கு செய்யாத, நியூசிலாந்திலிருந்து கொண்டுவந்த சிலந்திகளைப் பயன்படுத்தினார்கள். கதையில் அவை கொடிய விஷமுள்ளவை. படப்பிடிப்பில் அவற்றால் ஒருவருக்கும் ஆபத்தில்லை. பார்ப்பவரின் தோல் இரண்டுக்கும் ஒரேமாதிரிதான் சிலிர்க்கிறது.

9. கோமாளியைக் கண்டுமா பயப்படுவார்கள்?

பயப்படுகிறார்கள். சாயம் பூசிய முகம் எப்போதும் சிரித்துக்கொண்டே இருப்பதால், உள்ளே இருப்பவரின் உண்மையான மனநிலையைப் படிக்க முடிவதில்லை. அந்தப் படிக்கமுடியாமைதான் உறுத்துகிறது. 'இட்' கதையின் 1990 தொலைக்காட்சி வடிவமும் 2017 திரைப்படமும் இதைப் பயன்படுத்திக்கொண்டன. நம் ஊரில் சர்க்கஸ் கோமாளிமீது இன்னும் பிரியமே மிஞ்சியிருப்பதால், இந்தப் படங்கள் இங்கே பாதி வேகத்தில்தான் வேலை செய்கின்றன என்று எனக்குத் தோன்றுகிறது.

10. ரத்தத்தைப் பார்த்துத் தியேட்டரிலேயே மயங்கி விழுகிறார்களே, அது விளம்பரத்துக்கு நடிப்பதுதானே?

சில இடங்களில் விளம்பரமாக இருக்கலாம். ஆனால் மயக்கம் உண்மையில் வரக்கூடியதே. மற்ற ஃபோபியாக்களில் இதயம் படபடத்து இரத்த அழுத்தம் கூடுகிறது. இரத்தம், ஊசி, காயம் ஆகியவற்றின்மீதான ஃபோபியாவில் மட்டும் முதலில் சற்றுக் கூடிய அழுத்தம் பிறகு சட்டென்று இறங்கி, மூளைக்கு இரத்தம் குறைந்து மயக்கம் வருகிறது. இதற்காகச் சுவீடனைச் சேர்ந்த உளவியலாளர் லார்ஸ்-கோரன் ஓஸ்ட் ஒரு முறையை வகுத்தார்: கை, கால், உடல் தசைகளைச் சில விநாடிகள் இறுக்கிப் பிடித்து விட்டு, மீண்டும் இறுக்க வேண்டும், அழுத்தம் இறங்காமல் இருக்கும்.

ஒரு துணுக்கு: 'சைக்கோ' குளியலறையில் ஓடும் இரத்தம் சாக்லேட் பாகு. கறுப்பு வெள்ளைப் படம் என்பதால் அது போதுமானதாக இருந்தது.

11. தமிழில் ஃபோபியாவை வைத்துப் படம் வந்திருக்கிறதா? சந்திரமுகியைச் சொல்லலாமா?

'சந்திரமுகி' (2005) பேசுவது ஒருவருக்குள் இன்னொருவர் குடியேறுவதைப்போன்ற ஆளுமைச் சிதைவை; ஃபோபியாவை அல்ல. ஃபோபியாவை நேராக மையமாக வைத்த தமிழ்ப் படம் என்றால் கே. எஸ். ரவிக்குமார் இயக்கிய 'தெனாலி' (2000) நினைவுக்கு வருகிறது. அது திகில் படமன்று, நகைச்சுவைப் படம். கமல்ஹாசன் ஏற்ற பாத்திரம் காண்பதற்கெல்லாம் அஞ்சும் ஈழத்தமிழர். அந்த அச்சங்களுக்குப் பின்னால் போர் இருக்கிறது என்பதைப் படம் சொல்கிறது. சொல்லிவிட்டு மீண்டும் சிரிப்புக்குத் திரும்பிவிடுகிறது. அந்த இடத்தில் இன்னும் கொஞ்சம் நின்றிருக்கலாம் என்பது என் வருத்தம்.

திரில்லர் வகையில், அஸ்வின் சரவணன் இயக்கித் தமிழிலும் தெலுங்கிலும் 2019இல் வந்த 'கேம் ஓவர்' கவனிக்கத்தக்கது. டாப்ஸி நடித்த நாயகிக்கு இருட்டைக் கண்டால் தாங்கமுடியாத அச்சம். முன்பு நேர்ந்த வன்கொடுமையின் நினைவுநாள் நெருங்கும்போது அது முற்றுகிறது. விளக்கை அணைத்து ஓர் அறைக்குள் சில நொடிகள் இருந்து பார்க்க அவர் முயன்று தோற்பதைப் படம் பொறுமையாகக் காட்டுகிறது. அந்த நாயகியைப் பார்த்து யாரும் சிரிக்கவில்லை. 'தெனாலி'யிலிருந்து 19 ஆண்டுகள் வந்த தூரம் அது.

12. கடைசியில் ஹீரோ துணிந்து மேலே ஏறியதும் பயம் பறந்துவிடுகிறது. நிஜத்திலும் அப்படித்தானா?

அஞ்சும் பொருளை எதிர்கொள்வதுதான் சிகிச்சை என்ற அளவில் சினிமா சொல்வது சரி. 1924இல் மேரி கவர் ஜோன்ஸ், முயலுக்கு அஞ்சிய பீட்டர் என்ற சிறுவனுக்குப் பிடித்த உணவைக் கொடுத்துக்கொண்டே முயலைச் சிறிது சிறிதாக அருகில் கொண்டுவந்து அச்சத்தைப் போக்கினார். 1950களில் ஜோசஃப் வோல்பே இதைப் படிப்படியான முறையாக வளர்த்தார். ஒரே அமர்வில், மூன்று மணி நேரம்வரை செய்யும் சிகிச்சையையும் 10ஆம் பதிலில் வந்த ஓஸ்ட் உருவாக்கியிருக்கிறார். ஆனால் அதுவும் திடீர்த் தள்ளல் அன்று. நோயாளியின் சம்மதத்தோடு, ஒவ்வொரு படியாக நடப்பது.

வேறுபாடு வேறோர் இடத்தில் இருக்கிறது. சிகிச்சையில் ஒருவர் அஞ்சியது நடப்பதில்லை. மாடி விளிம்பில் நிற்கிறார், விழவில்லை. லிஃப்டில் ஏறுகிறார், மூச்சு முட்டவில்லை. அது நடக்கவில்லை என்பதை உடல் கற்றுக்கொள்வதே குணம். திகில் படத்தில் அஞ்சியது நடந்தே தீர வேண்டும். இல்லாவிட்டால் படம் இல்லை. 'வெர்டிகோ' நாயகன் கடைசியில் மணிக்கூண்டின் உச்சிக்கு ஏறிவிடுகிறார், அச்சம் விலகுகிறது. அதே இடத்திலிருந்து அவர் நேசித்த பெண் விழுந்து இறக்கிறாள். உயரம் ஆபத்தானது என்று அவர் அஞ்சியது சரிதான் என்று படம் தீர்ப்பெழுதிவிடுகிறது. முதல் பதிலில் சொன்ன 'அளவை மீறியது' என்ற நிபந்தனை இப்படித்தான் திரையில் காணாமல் போகிறது.

13. அப்படிப் பார்த்தால் இந்தப் படங்கள் ஃபோபியா உள்ளவர்களுக்குத் துரோகம் செய்கின்றன என்றுதானே ஆகிறது?

இதற்கு ஒரே சொல்லில் பதில் சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. 'காப்பிகேட்' (1995) படத்தில் தாக்குதலுக்குள்ளான உளவியலாளர் ஒருவர், வெளியுலகுக்கு அஞ்சி வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடக்கிறார். கொலைகாரன் அந்த வீட்டுக்குள்ளேயே வருகிறான். வெளியே ஆபத்து என்று நம்பி அடைந்து கிடப்பவருக்கு, உள்ளேயும் ஆபத்து என்று சொல்லும் கதை அது. நோயின் வாதத்தை நோயைவிட உரக்கச் சொல்கிறது. இது துரோகத்தின் பக்கம்.

மறுபக்கமும் உண்டு. ஃபோபியா உள்ளவர்களை அதிகம் வதைப்பது அச்சத்தைவிட, 'இதற்கெல்லாமா பயப்படுவாய்?' என்ற கேள்வி. 2016இல் ராதிகா ஆப்தே நடித்து இந்தியில் வந்த 'ஃபோபியா' படத்தின் நாயகியும் 'கேம் ஓவர்' நாயகியும் சொல்வதைச் சுற்றியிருப்பவர்கள் எளிதில் நம்புவதில்லை. பார்வையாளர்களாகிய நாம் நம்புகிறோம். 3ஆம் கேள்வியைக் கேட்ட நண்பருக்கு உயரப் பயம் கிடையாது. ஆனால் அந்தப் பயம் உள்ள தன் அண்ணியை வெகுகாலம் கேலி செய்ததாகவும், உள்ளங்கால் கூசிய அன்றைக்குப் பிறகு விட்டுவிட்டதாகவும் அவரே சொன்னார்.

14. எனக்கு லிஃப்ட் என்றால் பயம். லிஃப்டில் மாட்டிக்கொள்ளும் படங்களைத் தொடர்ந்து பார்த்தால் பழகிவிடுமா?

வேண்டாம். காட்சிகளைக் கொண்டு சிகிச்சை செய்வது உண்டு: உயரப் பயத்துக்கு மெய்நிகர் காட்சிகளைப் பயன்படுத்தி பார்பரா ராத்பாமும் அவருடைய குழுவினரும் செய்த ஆய்வு 1995இலேயே வெளிவந்தது. ஆனால் அங்கே லிஃப்ட் அறுந்து விழுவதில்லை. எவ்வளவு உயரம் போவது என்பது நோயாளியின் கையில் இருக்கிறது. திகில் படத்தில் லிஃப்ட் கட்டாயம் நடுவழியில் நிற்கும் என்பதை 12ஆம் பதிலில் பார்த்தோம். தாங்கமுடியாத இடத்தில் கண்ணை மூடிக்கொள்வீர்கள். அப்படித் தப்பிப்பது அச்சத்தை இன்னும் கெட்டிப்படுத்தும்.

உளவியல் ஆலோசகர் ஒருவரிடம் சொல்லுங்கள். சிகிச்சை எளிதில் பலன்தரும் கோளாறுகளில் இதுவும் ஒன்று. எங்கே தொடங்குவதென்று தெரியாவிட்டால், மைய அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸின் இலவச எண்ணான 14416இல் தமிழிலேயே பேசலாம்.

15. நான் குறும்படம் எடுக்கிறேன். ஒரு ஃபோபியாவை வைத்துக் கதை பண்ண வேண்டும் என்றால் எதைக் கவனிக்க வேண்டும்?

அலறலை விட்டுவிட்டுத் தவிர்ப்பைப் பாருங்கள். திரை பெரும்பாலும் காட்டுவது பயம் தாக்கும் அந்த ஐந்து நிமிடத்தை. ஃபோபியா உள்ளவரின் வாழ்க்கையோ, அந்த ஐந்து நிமிடம் வராமல் பார்த்துக்கொள்ளும் ஏற்பாடுகளால் ஆனது. லிஃப்டுக்கு அஞ்சுபவர் வாடகைக்கு எந்தத் தளத்தில் வீடு பார்ப்பார், நேர்முகத் தேர்வு ஒன்பதாவது மாடியில் என்றால் எத்தனை மணிக்குக் கிளம்புவார், படியேறி வியர்த்ததை மறைக்க இன்னொரு சட்டையைப் பையில் வைத்துக்கொள்வாரா, உடன் வருபவர் லிஃப்ட் பொத்தானை அழுத்தும்போது கைபேசியில் யாரோ அழைப்பதைப்போல் எப்படிக் காதில் வைத்துக்கொள்வார் என்று யோசியுங்கள்.

'நீங்கள் போங்கள், ஒரு போன், பேசிவிட்டு வந்துவிடுகிறேன்' என்று அவர் சொல்லும்போது கேமராவை அவர் முகத்திலிருந்து எடுக்காதீர்கள். மற்றவர்கள் ஏறிக் கதவு மூடிய பிறகும் எடுக்காதீர்கள்.